கயிற்றை இழுப்பது யார்?

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்கு வந்திருந்தார். இயற்பியலில் பட்டம் பெற்று, மோட்டார் உறுப்புகள் செய்யும் வெளிநாட்டு நிறுவனமொன்றின் தொழிற்சாலையில் ஓராண்டுப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். வேலை எப்படி என்று கேட்டேன்.

"எங்க லைன்ல தலைக்கு மேலே ஒரு கயிறு போகுது சார். ஏதாவது தப்புத் தெரிஞ்சா உடனே இழுக்கணும்னு முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க. சுவரிலயும் எழுதி வச்சிருக்காங்க. பத்து மாசத்துல நான் ஒரு தடவைகூட இழுத்ததில்லை" என்றார்.

"பத்து மாதத்தில் ஒரு தவறுகூட நேரவில்லையா?" என்றேன்.

அவர் சிரித்தார். "நேராம இருக்குமா சார்? ஒரு நாள் ஒரு திருகு சரியா உட்காரலை. பார்த்தேன். ஆனா லைன் நின்னா, யார் நிறுத்தினதுன்னுதான் முதல்ல கேப்பாங்க. இன்னும் ரெண்டு மாசத்துல என் பயிற்சிக் காலம் முடியுது. நீட்டிக்கணுமே சார்!"

அவர் சென்ற பின்பும் அந்தக் கயிறு என் நினைவை விட்டு அகலவில்லை. அது ஜப்பானிலிருந்து வந்த கயிறு. அதைத் தொங்கவிட்டவர்கள் அதன் நீளத்தையும் உயரத்தையும் அச்சுப் பிசகாமல் கொண்டுவந்துவிட்டார்கள். அதை இழுக்கும் துணிவு மட்டும் கூடவே வரவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் உற்பத்தி முறைகளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு எடுத்துச் செல்லும்போது எது பயணம் செய்கிறது, எது பின்தங்கிவிடுகிறது? இந்தக் கயிற்றின் வரலாற்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

நூல் அறுந்தால் நிற்கும் தறி

இக்கருத்தின் பிறப்பிடம் மோட்டார் தொழிற்சாலை அன்று; நெசவுத் தறி. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் ஒன்று அறுந்தாலும், தறி தொடர்ந்து ஓடினால், துணி முழுவதும் பழுதாகும். ஆகவே முற்காலத்தில் தறியின் அருகே ஓர் ஆள் கண்ணிமைக்காமல் நிற்க வேண்டியிருந்தது. தானியங்கித் தறிகளில் இதற்கு எளிய வழியொன்று கண்டார்கள். ஒவ்வொரு பாவு நூலின் மீதும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்கும். நூல் இறுக்கமாக உள்ளவரை தகடு மேலேயே நிற்கும். நூல் அறுந்தால் தகடு கீழே விழும். விழுந்த கணமே தறி நின்றுவிடும்.

ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பவர் இத்தகைய தறிகளை மேம்படுத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1924-இல் உருவான அவருடைய தானியங்கித் தறி புகழ் பெற்றது. அதன் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அவருடைய மகன் கீச்சிரோ டொயோடா மோட்டார் துறையில் இறங்கினார். 1937-இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தோன்றியது. தவறு நேர்ந்தால் தானே நிற்க வேண்டும் என்னும் தறியின் பாடமும் கூடவே வந்தது. ஆனால் கார் பூட்டும் வரிசையில் தவறைக் கண்டுபிடிக்கத் தகடு இல்லை. மனிதனின் கண்ணும் கையுமே உண்டு. ஆகவே அங்கே தகட்டின் இடத்தைத் தொழிலாளி பெற்றார். அவர் கைக்கு எட்டும்படி ஒரு கயிறு கட்டப்பட்டது.

நூறு தோசையும் உப்பும்

இயற்பியல் படிப்போர் இதனைப் பின்னூட்டம் என்று உடனே இனங்கண்டுகொள்வர். இஸ்திரிப் பெட்டியினுள் இருக்கும் ஈருலோகப் பட்டையை நினைத்துப் பாருங்கள். வெப்பம் மிகும்போது பட்டை வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கிறது. விளைவு பற்றிய செய்தி காரணத்திற்கே திரும்பி வந்து அதனைத் திருத்துகிறது.

பின்னூட்டம் பயன்தர வேண்டுமானால் காலந்தாழ்த்தாமல் வர வேண்டும். நூறு தோசை சுட்டு அடுக்கிய பின்னர் மாவில் உப்பில்லை என்று அறிவதால் யாருக்குப் பயன்? முதல் தோசையைச் சுவைத்திருந்தால் மாவைத் திருத்தியிருக்கலாம். டொயோட்டாவின் பொறியாளர் தாயிச்சி ஓனோ இதே நோக்கில் மற்றோர் ஏற்பாட்டையும் வளர்த்தார். உறுப்புகளை மலைபோல் குவித்து வைக்காமல், தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வரவழைப்பது என்பதே அது. கையிருப்பு குறைவாக இருப்பதால் பழுதான உறுப்பு ஒன்று வந்தால் அடுத்த நிலையில் உள்ளவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கையிருப்பு மிகுதியாக உள்ள தொழிற்சாலையில் ஒரு பிரிவு நின்றாலும் மற்றவை ஓடும். கையிருப்பு இல்லாத தொழிற்சாலையில் ஒருவர் கைநிறுத்தினால் அனைத்தும் நின்றுவிடும். அதாவது இம்முறை தொழிலாளியின் ஒத்துழைப்பை மற்ற முறைகளைவிட மிகுதியாக நம்பியிருக்கிறது. அந்த ஒத்துழைப்பு எங்கிருந்து வந்தது?

1950-இன் பாடம்

அது இயல்பாக வந்ததன்று. போருக்குப் பிந்திய பணமுடையில் டொயோட்டா திவாலாகும் நிலையை எட்டியது. 1950-இல் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் தொழிற்தகராறு மூண்டது. முடிவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குத் தொழிலாளர் வெளியேறினர். நிறுவனர் கீச்சிரோ டொயோடாவும் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியைத் துறந்தார். எஞ்சிய தொழிலாளருக்கு நிலையான வேலை என்பதும், அவர்கள் வேலை முறைகளை மாற்றுவதற்கு ஒத்துழைப்பார்கள் என்பதும் அதன்பின் படிப்படியாக வேரூன்றின. 1962-இல் நிர்வாகமும் சங்கமும் கூட்டறிக்கை ஒன்றையே வெளியிட்டன.

ஜப்பானியர் இயல்பாகவே பணிவானவர்கள், ஆகவே அங்கே இம்முறை வென்றது என்று சொல்வோர் உண்டு. 1950-ஆம் ஆண்டை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். கடும் மோதலுக்குப் பின் கிடைத்த வேலைப் பாதுகாப்பே கயிற்றை இழுக்கும் கைக்கு வலுவூட்டியது. ஆனால் தற்காலிகத் தொழிலாளருக்கு அப்பாதுகாப்பு முழுமையாகக் கிட்டவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

கடல் கடந்த கயிறு

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். கலிபோர்னியா மாநிலத்தின் ஃபிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகளுள் இதற்குப் பெயர் மிகவும் கெட்டிருந்தது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. திடீர் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. தீர்க்கப்படாத குறைமனுக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. தவறு கண்டாலும் வரிசையை நிறுத்தலாகாது என்பதே அங்கு எழுதாத சட்டம். பழுதோடு கார்கள் வெளியேறும். பின்னர் அவற்றைப் பிரித்துச் சரிசெய்வார்கள். 1982-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக அதனைத் திறப்பதென முடிவு செய்தன. ஜப்பானியக் கார்களின் இறக்குமதிக்கு 1981 முதல் வரம்பு விதிக்கப்பட்டிருந்ததால், அமெரிக்க மண்ணிலேயே உற்பத்தி செய்யக் கற்றுக்கொள்ள டொயோட்டா விரும்பியது. சிறிய கார்களை ஆதாயத்தோடு செய்யும் வகையை அறிய ஜெனரல் மோட்டார்ஸ் விரும்பியது. நியூ யுனைடெட் மோட்டார் மானுஃபாக்சரிங் என்பது புதிய நிறுவனத்தின் பெயர். சுருக்கமாக 'நம்மி' என்பர். நிர்வாகம் டொயோட்டாவின் கையில் இருந்தது.

யாரை வேலைக்கு எடுப்பது என்பதே பெரிய கேள்வி. ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்துடன் 1983-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன் பயனாக, முதலில் சேர்க்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் மூடப்பட்ட அதே தொழிற்சாலையின் பழைய தொழிலாளர்கள்! குழுத் தலைவர்கள் நானூற்றுவருக்கு மேற்பட்டோர் ஜப்பானின் தக்காவோக்கா தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். 1984 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது.

கயிறு இங்கும் கட்டப்பட்டது. ஒருவர் அதனை இழுத்தால் இசை ஒலிக்கும். பலகையில் அவருடைய இடத்தைக் காட்டும் விளக்கு எரியும். குழுத் தலைவர் விரைந்து வருவார். கார் அந்த இடத்தைக் கடப்பதற்குள் தவறு திருந்திவிட்டால் மீண்டும் இழுப்பர், வரிசை நிற்காது. திருந்தவில்லையெனில் வரிசை நிற்கும். ஆக, கயிறு என்பது முதலில் உதவி கேட்கும் குரல். நிறுத்துவது அதற்கு அடுத்த படியே. இழுத்தவரிடம் "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்பதற்காக எவரும் ஓடி வரவில்லை, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கவே வந்தார்கள். பழைய தொழிலாளருக்கு இது வியப்பளித்தது.

அந்த வியப்பை நம்பிக்கையாக மாற்றியது 1985-ஆம் ஆண்டின் ஒப்பந்தம். நிறுவனத்தின் நீண்டகால நிலைப்புக்கே ஊறு நேரும் அளவுக்குக் கடும் நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்புச் செய்வதில்லை என்று நிர்வாகம் எழுத்தில் உறுதியளித்தது. அப்படி நெருக்கடி வந்தாலும், அதிகாரிகளின் ஊதியத்தைக் குறைப்பதும், வெளியே கொடுத்த வேலைகளைத் திரும்பப் பெற்றுச் சொந்தத் தொழிலாளருக்கு அளிப்பதும் முதற்படிகளாக வேண்டும்.

இவ்வுறுதிக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1988 வாக்கில் அங்கு உற்பத்தியான காருக்குக் கிராக்கி குறைந்து, தொழிற்சாலைத் திறனில் பெரும்பகுதி வேலையின்றிக் கிடந்தது. நிர்வாகம் எவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிகுதியானவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தியது. ஒப்பந்தத்தில் இருந்த சொற்களைத் தொழிலாளர்கள் உண்மையாகவே நம்பத் தொடங்கியது அப்போதுதான் எனலாம்.

கடிகாரம் கைமாறியது

கயிற்றோடு இன்னொரு கருவியும் இங்கே சொல்லத்தக்கது. அது நிறுத்துக் கடிகாரம். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் தம் அறிவியல் மேலாண்மைக் கொள்கையை 1911-இல் நூலாக வெளியிட்டார். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நிபுணர் ஒருவர் கடிகாரம் கொண்டு அளந்து, சிறந்த முறையை வகுத்துத் தருவார். தொழிலாளி அதன்படி செய்ய வேண்டும். கடிகாரக்காரர் வந்தால் வேலை கடினமாகப் போகிறது என்று பொருள். எனவே அவர் முன்னிலையில் தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதும் உண்டு. அளவீடே பொய்யாகும்போது அதன்மேல் எழுப்பிய கணக்கு எப்படி மெய்யாகும்?

நம்மியில் அதே கடிகாரம் தொழிலாளர் கைக்கு வந்தது. நாலைந்து பேர் கொண்ட குழு ஒருவர் வேலையை மற்றவர் அளந்து, எளிய முறையைத் தாமே எழுதிக்கொண்டது. மேலும், பழைய தொழிற்சாலையில் உற்பத்தித் தொழிலாளர் ஏறத்தாழ 80 வேலை வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். இங்கே ஒரே வகுப்பு. நிர்வாகிகளுக்குத் தனி உணவுக்கூடமோ தனிக் கார் நிறுத்துமிடமோ இல்லை.

எண்கள் கூறுவது

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அக்காலத்தில் மூன்று தொழிற்சாலைகளை ஒப்பிட்டனர். ஒத்த வேலைகளை மட்டும் கணக்கில் கொண்டால், ஒரு காரைப் பூட்ட, ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரேமிங்காம் தொழிற்சாலையில் 31 மணி நேர உழைப்புத் தேவைப்பட்டது. ஜப்பானின் தக்காவோக்காவில் 16 மணி. நம்மியில் 19 மணி. நூறு கார்களில் கண்ட பூட்டுப் பழுதுகள் ஃபிரேமிங்காமில் ஏறத்தாழ 130. மற்ற இரண்டிலும் 45. உறுப்புகளின் கையிருப்பு ஃபிரேமிங்காமில் இரண்டு வாரத்துக்கு. தக்காவோக்காவில் இரண்டு மணி நேரத்துக்கு. நம்மியில் இரண்டு நாட்களுக்கு. வேலைக்கு வராதோர் விகிதம் நம்மியில் மூன்று நான்கு விழுக்காடாகக் குறைந்தது.

அதே ஊர், பெரும்பாலும் அதே மக்கள், அதே தொழிற்சங்கம். மாறியது என்ன? ஆய்வுக்கூடத்தில் மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போமே, ஏறக்குறைய அத்தகைய சோதனையாக இது அமைந்துவிட்டது. தொழிலாளர் சோம்பேறிகள், சங்கம்தான் கேட்டுக்குக் காரணம் என்று முன்பு சொல்லப்பட்ட விளக்கங்கள் இச்சோதனையில் நிற்கவில்லை.

நிழலும் உண்டு

எனினும் நம்மியைச் சொர்க்கமாகக் காட்டுவது நேர்மையாகாது. பழைய தொழிற்சாலையில் நிமிடத்தின் 60 வினாடிகளில் சுமார் 45 வினாடிகள் வேலை இருந்தது. நம்மியில் 57 வினாடிகள். மூச்சு விடும் நேரம் போயிற்று என்று குறை கூறியோர் பலர். விடுப்பில் போனவரின் சுமை அதே குழுவின் தோளில் விழுந்ததால், சக தொழிலாளரே கண்காணிப்பாளராக மாறும் நிலையும் தோன்றியது. மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் என்னும் எழுத்தாளர்கள் 1988-இல் வெளியிட்ட நூலில் இதனை நெருக்கடியால் நடத்தும் நிர்வாகம் என்று கடிந்தார்கள். சங்கத்துக்குள்ளும் இம்முறையை ஆதரிப்போர், ஐயுறுவோர் என இரண்டு அணிகள் போட்டியிட்டன.

1993-ஆம் ஆண்டின் புதிய மாதிரிக் காரை அறிமுகம் செய்தபோது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் உண்டாகும் உடல்நோவு பெருகியது. கலிபோர்னியாவின் தொழிற்பாதுகாப்புத் துறை நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. அதன் பிறகு, அடுத்த மாதிரியைத் திட்டமிடும்போதே தொழிலாளரின் உடலுக்கேற்ற வேலையமைப்பில் கூடுதல் கவனம் செலுத்தப்பட்டது. இதிலும் ஒரு பாடம் உண்டு. தலைக்கு மேலுள்ள கயிறு காரின் பழுதைச் சொல்லும். மணிக்கட்டின் வலியைச் சொல்ல அது போதவில்லை. அதற்குச் சங்கமும் சட்டமும் ஆகிய வேறு இரு கயிறுகள் தேவைப்பட்டன.

கயிறு மட்டும் சென்ற இடங்கள்

நம்மியின் வெற்றியைக் கண்ட ஜெனரல் மோட்டார்ஸ், அதே மாநிலத்தில் இருந்த தன் வான் நைஸ் தொழிற்சாலையிலும் குழு முறையைப் புகுத்த முற்பட்டது. அங்கே தொழிற்சாலை மூடப்படலாம் என்னும் அச்சத்தின் நிழலில்தான் தொழிலாளர் இதற்கு இசைந்தனர். அதுவும் குறுகிய பெரும்பான்மையில். சங்கம் இரண்டுபட்டது. எதிர்பார்த்த பலன் விளையவில்லை. 1992-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

டொயோட்டாவே நேரடியாக நடத்தினால் வெற்றி உறுதிதானே என்று கேட்பீர்கள். நம் அண்டை மாநிலத்தில், பெங்களூருக்கு அருகேயுள்ள பிடதியில், டொயோட்டாவும் கிர்லோஸ்கர் குழுமமும் இணைந்து 1997-இல் தொடங்கிய நிறுவனம் 1999 இறுதியில் உற்பத்தியை ஆரம்பித்தது. தாய்நிறுவனத்தின் அதே உற்பத்தி முறையே அங்கும் பின்பற்றப்பட்டது. ஆயினும் 2006, 2014, 2020 ஆகிய ஆண்டுகளில் வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று மோதல்கள் மூண்டன. 2020 நவம்பரில் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் தற்காலிகமாக நீக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த தகராறு 2021 மார்ச் வரை நீண்டது. வேலைப்பளு தாங்க முடியவில்லை என்றது சங்கம். ஒழுங்கும் பாதுகாப்பும் குலைந்தன என்றது நிர்வாகம். உள்ளே வர விரும்புவோர் நன்னடத்தை உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும் என்று கேட்கப்பட்டதும் பூசலை வளர்த்தது. இரு தரப்பு நியாயங்களையும் இங்கே எடைபோட நான் முற்படவில்லை. அதே நிறுவனம், அதே முறை; ஆனால் அதே உறவு இல்லை என்பதை மட்டும் குறிக்க விரும்புகிறேன்.

பட்டை துருப்பிடித்தால்?

மீண்டும் இஸ்திரிப் பெட்டிக்கு வருவோம். உள்ளே ஈருலோகப் பட்டை இருக்கிறது. ஆனால் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. திருகும் குமிழும் எண்களும் அப்படியே இருக்கும். துணி கருகிய பிறகே உண்மை வெளிப்படும். கயிறு கட்டியும் எவரும் இழுக்காத தொழிற்சாலை இத்தகையதே. அச்சம் என்பது பின்னூட்டச் சுற்றில் பிடிக்கும் துரு.

நாம் கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, இழுத்தவருடைய பிழைப்புக்கு இழுத்ததால் தீங்கு வராது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். சோதனை வரும்போது அது காப்பாற்றப்படவும் வேண்டும். இரண்டாவது, இழுத்தால் உதவிக்கு ஆள் வர வேண்டும். மூன்றாவது, வேலையின் வேகத்தையும் சுமையையும் பற்றிப் பேசத் தொழிலாளருக்குத் தாமே தேர்ந்த அமைப்பு வேண்டும். இம்மூன்றையும் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்ற முடியாது. எந்த நாட்டில் தொழிற்சாலை எழுகிறதோ அந்த நாட்டிலேயே, அங்குள்ள மக்களோடு பேசி, புதிதாக உருவாக்கியாக வேண்டும்.

நம்மியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நடவடிக்கைக்கு உள்ளானபோது கூட்டிலிருந்து விலகியது. தனித்து நடத்த டொயோட்டா முன்வரவில்லை. 2010 ஏப்ரல் முதல் நாள் கடைசிக் கார் வெளிவந்தது. ஏறத்தாழ 4,700 பேர் வேலை இழந்தனர். அதே ஆண்டில் அந்த இடத்தை மின்கார் நிறுவனமான டெஸ்லா வாங்கியது. கால் நூற்றாண்டு நின்ற உறுதிமொழியும் சந்தையின் புயலில் என்றென்றும் நிற்கவில்லை. ஆனால் நின்றவரை அது என்ன செய்துகாட்டியது என்பதை எவரும் மறுக்க முடியாது.

என் மாணவருக்குப் பயிற்சிக் காலம் நீட்டிக்கப்பட்டது. தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னார். கயிற்றைப் பற்றிக் கேட்டேன். "இன்னும் இழுக்கலை சார்" என்றார். சரியாக உட்காராத அந்தத் திருகு எந்த வண்டியில் ஓடுகிறதோ, நமக்குத் தெரியாது. அந்த வண்டியில் நீங்களோ நானோ ஒருநாள் ஏறக்கூடும். தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் இடையேயுள்ள உறவு அவ்விருவரின் சொந்த விவகாரம் மட்டும் அன்று என்பதை உணர இது ஒன்றே போதும்.